எரிந்ததும் எஞ்சியதும்: கடலூர்ச் சீமையின் மூன்று உலைக்களங்கள்

தொழில் நடக்கும் இடத்தில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது, விரயத்தைக் குறைப்பது என்று சொன்னவுடன், "அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுச் செல்லவும்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புத்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நல்ல அறிவிப்புத்தான். ஆனால், இந்தப் பொருளுக்குச் சுவரொட்டிக்கு மேற்பட்ட ஒரு சரித்திரமும் உண்டு. அதிலே அழிந்த காடுகள் வருகின்றன. கடனில் மூழ்கிய மனிதர்கள் வருகிறார்கள். குப்பையென்று ஒதுக்கிய பொருளைக் கொண்டு பெருந்தொழில் நடத்தியவர்களும் வருகிறார்கள். அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலேயே காணலாம் என்பதை எடுத்துக்காட்டுவதே என் எண்ணம்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்கள், சிதம்பரத்துக்குச் சற்று முன்பு பரங்கிப்பேட்டை என்ற நிலையத்தைக் கடந்து செல்கிறார்கள். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள ஊர் அது. போர்த்துகீசியர் இட்ட பெயரையொட்டி ஆங்கிலேயர் இதனைப் போர்ட்டோ நோவோ என்றார்கள். 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் பொருதிய களம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே ஊரில் அந்தப் போருக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரும்பு உருக்காலை எழுந்தது என்பதைப் பாடப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஐரோப்பிய முறையில் இந்தியாவில் பெரிய அளவில் இரும்பு உருக்க முயன்ற முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

அதை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்தவர். சேலத்துச் சீமையில் நம்முடைய கொல்லர்கள் சிறிய மண் உலைகளில் அருமையான இரும்பும் எஃகும் எடுப்பதைக் கண்டு வியந்தார். கஞ்சமலையின் இரும்புக் கல் எவ்வளவு உயர்ந்தது என்பதை அறிந்தார். பெரிய ஊதுலை அமைத்து அந்தக் கல்லை உருக்கினால் இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பலாம் என்று கனவு கண்டு, உத்தியோகத்தை உதறினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனியிடம் பெற்றார். அரசாங்கத்திடம் கடனும் வாங்கினார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது.

ஆலைக்கு அந்த ஊரை ஏன் தேர்ந்தார் என்று கேட்க வேண்டும். இரும்புக் கல் கிடைப்பது சேலத்தில். இருநூறு கிலோமீட்டருக்கு அருகில் தொலைவு. கல் ஆற்று வழியே படகில் வந்து சேரவேண்டும். பரங்கிப்பேட்டையில் இருந்தது கடல். கப்பல் வரும் துறை. விளைபொருளை அனுப்புவதற்கு வசதியான இடத்தை ஹீத் தேர்ந்தார். எரிபொருளுக்கு வசதியான இடத்தை அல்ல. அவருடைய துன்பம் முழுவதும் இந்தத் தேர்விலேயே தொடங்கியது என்பது என் கருத்து.

அவ்வுலைகளின் உணவு மரக்கரி. நிலக்கரி அக்காலத்தில் இந்தப் பக்கத்தில் கிடைக்கவில்லை. மரக்கரி எப்படி உண்டாகிறது என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் உள்ளுக்குள்ளே கருகவிடுவார்கள். பல நாள் புகைந்த பிறகு பிரித்தால், நான்கு அல்லது ஐந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும். மரத்தில் இருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்தக் கரிமேட்டிலேயே புகையாய்ப் போய்விடுகிறது. எஞ்சிய கரியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும்போது கொஞ்சம் பொடியாகிறது. உலையில் இடும்போது, அதன் வெப்பத்திலும் ஒரு பெரும்பகுதி உலையின் வாய்வழியே அனலாக மேலே போய்விடுகிறது. ஒரு டன் இரும்பு வெளியே வரும்போது அதற்குப் பின்னால் எத்தனை மரங்கள் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்முடைய கொல்லரின் சிறு உலை இதைவிடச் சிக்கனமானது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. ஒரு மணங்கு இரும்புக்கு எவ்வளவு கரி என்று கணக்கிட்டால், சிறிய மண் உலைதான் கூடுதலாகக் கரி தின்றது. ஆனால் அந்த உலைகள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. உழவு இல்லாத காலத்தில் சில மாதம் மட்டும் எரிந்தன. வெட்டிய புதர் மீண்டும் தழைக்க அவகாசம் இருந்தது. பெரிய ஊதுலையோ இரவும் பகலும் ஓயாமல் எரிய வேண்டும். அதை அணைத்தால் உள்ளே இருக்கும் உலோகம் இறுகிவிடும்; உலையே பாழாகும். ஆகவே, அளவில் சிக்கனமான உலை, மொத்தத்தில் பெருந்தீனி தின்னும் உலையாயிற்று. அருகிலிருந்த காடு முதலில் தீர்ந்தது. பிறகு கரி தூரத்திலிருந்து வந்தது. பிறகு இன்னும் தூரத்திலிருந்து. ஒவ்வொரு மைலுக்கும் வண்டிக்கூலி ஏறிற்று.

இரும்பின் தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளர் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனாலும் ஆலை இலாபம் காணவில்லை. ஹீத்தின் கையிலிருந்து அது கம்பெனி ஒன்றிடம் போயிற்று; 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் புதிய முதல் திரட்டிப் பார்த்தார்கள். எந்தக் கம்பெனி வந்தாலும் கரி அதே கரிதானே! 1870-களுக்குள் பரங்கிப்பேட்டையின் உலைகள் அணைந்துபோயின. இதற்கிடையே, 1856-இல், சென்னை ராஜதானியில் காட்டிலாகா தோன்றியிருந்தது. ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர் அதன் தலைவரானார். ரயில்பாதைக்குக் கட்டை, எஞ்சினுக்கு விறகு, ஆலைக்குக் கரி என்று நாற்புறமும் கோடரி விழுந்த காலம் அது. காடு என்பது எடுக்க எடுக்கக் குறையாத களஞ்சியம் அன்று என்பதை அரசாங்கம் உணரத் தொடங்கியதன் அடையாளம் அந்த இலாகா.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து பார்ப்போம். பரங்கிப்பேட்டை ஆலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1828-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் பியூமாண்ட் நீல்சன் என்பவர் ஓர் எளிய உண்மையைக் கண்டார். அவர் கொல்லரும் அல்லர். வாயு விளக்குத் தொழிற்சாலையின் மேலாளர். துருத்தி ஊதும் காற்றைக் குளிர்ந்தபடியே உலைக்குள் செலுத்தாமல், முன்னமே சூடாக்கிச் செலுத்தினால் எரிபொருள் குறையும் என்றார். அனுபவம் மிக்க உலைக்காரர்கள் நகைத்தார்கள். குளிர்காலத்தில்தான் உலை நன்றாக வேலை செய்கிறது. ஆகவே குளிர்ந்த காற்றுத்தான் நல்லது என்பது அவர்கள் கொள்கை. சோதித்துப் பார்த்தபோது, ஒரு டன் இரும்புக்கு எட்டு டன் நிலக்கரி செலவான இடத்தில் ஐந்து டன்னே போதுமானதாயிற்று. சில ஆண்டுகளில் அது இரண்டரை டன்னுக்கும் கீழே இறங்கிற்று.

அதனால் ஸ்காட்லாந்தின் நிலக்கரி மிச்சப்பட்டதா? 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஒரு டன்னுக்குச் செலவாகும் கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த அதே முப்பது ஆண்டுகளில், ஸ்காட்லாந்தின் இரும்பு ஆலைகள் எரித்த மொத்தக் கரி பத்து மடங்கு பெருகிவிட்டது என்று அவர் காட்டினார். இரும்பு மலிந்தது, மலிந்ததால் அதிகம் பேர் வாங்கினர், அதிகம் பேர் வாங்கியதால் உலைகள் பெருகின. சிக்கனம் என்பது இரட்டை நாக்கு உடையது என்பதை இந்தக் கணக்கு நமக்கு அறிவிக்கிறது. பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதைத் தனியே ஆராய வேண்டும். இன்றைக்கும் தீர்ந்துவிடாத வழக்கு இது.

ஹீத்தின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு எடுக்கலாம் என்று கண்டு, 1839-இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீசையும் கரியையும் முதலில் தனியே காய்ச்சிச் சேர்மம் ஆக்கி, அதை மூசையில் இடுவது அவர் முறை. அவருக்கு ஏஜெண்டாக இருந்த அன்வின் என்பவர், இரண்டு பொருளையும் நேரே மூசையில் இட்டாலே போதும் என்று ஒரு படியையே குறைத்துவிட்டு, "இது உங்கள் காப்புரிமையில் சொல்லப்படாத முறை" என்றார்! வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1851-இல் ஹீத் வறுமையில் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிற்று. பரங்கிப்பேட்டையில் கரியை மிச்சப்படுத்த முடியாமல் தோற்றவர், ஷெபீல்டில் இன்னொருவர் ஒரு காய்ச்சலை மிச்சப்படுத்தியதால் தோற்றார். விதியின் வேடிக்கை என்று இதைச் சொல்லலாம்.

இனி, ரயிலை விட்டிறங்கிக் கடலூருக்கு மேற்கே போவோம். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடையே கரும்புக் கொல்லைகளின் நடுவே நெல்லிக்குப்பம் இருக்கிறது. 1842-இல் பாரி கம்பெனியார் அங்கே சர்க்கரை ஆலை வைத்தார்கள். அந்தக் கம்பெனியை நிறுவிய தாமஸ் பாரி 1788-இல் சென்னைக்கு வந்தவர். 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்து, கடலூர்ப் பழைய நகரத்துத் தேவாலயத்தில் அடக்கமானவர். ஆகவே ஆலையை அவர் கண்ணால் காணவில்லை. தொடக்கத்தில் அங்கே பனைவெல்லத்தையும் கரும்பு வெல்லத்தையும் கரைத்துத் தூய்மை செய்தே வெள்ளைச் சர்க்கரை ஆக்கினார்கள். கரும்பை நேரே பிழிவது பின்னர் வந்தது.

ஆனால் சிக்கனத்தின் கதை அந்த ஆலையில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே நம் கரும்பு உழவர் அதை அறிந்திருந்தனர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையை நீங்கள் பார்த்ததுண்டா? பிழிந்த கரும்பின் சக்கையைக் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். அதுவே அடுப்புக்கு எரிபொருள். வெளியிலிருந்து ஒரு சுள்ளி விறகும் வாங்காமல், கரும்பின் உடம்பைக்கொண்டே கரும்பின் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். அடுப்பின் வாயில் குந்தியிருந்து சக்கையைத் தள்ளுகிறவர் தீயின் நிறத்தைப் பார்த்தே கை வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். அவருக்கு வெப்ப அளவியல் யாரும் கற்பிக்கவில்லை. சாம்பல் மறுபடியும் கொல்லைக்கு எருவாகப் போய்விடும்.

அந்த முறையில் ஒரே ஒரு குறை உண்டு. கரும்புச் சாற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரெல்லாம் ஆவியாகிக் கொப்பரையிலிருந்து வானத்துக்குப் போகிறது. போகும்போது அடுப்பு கொடுத்த வெப்பத்தையும் கொண்டுபோகிறது. இந்த ஆவியைப் பிடித்து மறுபடியும் வேலை வாங்க முடியாதா என்று கேட்டவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1806-இல் பிறந்த நார்பெர்ட் ரில்லியூ. தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினப் பெண்மணி. அடிமை முறை நிலவிய நாட்டில், பாரிசில் பொறியியல் கற்றுவந்தபோதும் அவர் நடமாட்டத்துக்கே தடைகள் இருந்தன. அவரே 1843-இலும் 1846-இலும் பெற்ற காப்புரிமைகள்தாம் உலகத்துச் சர்க்கரைத் தொழிலை மாற்றின.

அவர் யோசனை இது. உதகமண்டலத்தில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அப்படியானால், மூடிய கலம் ஒன்றில் காற்றழுத்தத்தை இன்னும் குறைத்துவிட்டால், முதல் கலத்தில் எழும் ஆவியின் சூடே இரண்டாம் கலத்துச் சாற்றைக் கொதிக்க வைக்கப் போதுமே! இரண்டாம் கலத்தின் ஆவி மூன்றாம் கலத்தை. அது நான்காம் கலத்தை. கொதிகலத்திலிருந்து வரும் ஒரு கிலோ நீராவி, திறந்த கொப்பரையில் ஒரு கிலோ தண்ணீருக்கு மேல் விரட்டாது. நான்கு கலம் வரிசையில் ஏறத்தாழ நான்கு கிலோவை விரட்டுகிறது. ஓர் அடுப்பு, நான்கு அடுப்பின் வேலை! இன்று நீங்கள் எந்தச் சர்க்கரை ஆலைக்குள் நுழைந்தாலும் வரிசையாக நிற்கும் அந்த உயர்ந்த கலங்களைக் காண்பீர்கள்.

ஆலையின் ஐந்தொகையைச் சற்றே பார்ப்போம். நூறு டன் கரும்பு உள்ளே போனால் சர்க்கரையாக வருவது பத்து டன் அளவுதான். சக்கை முப்பது டன். கழிவுப்பாகு நான்கு டன் சொச்சம். வடிகட்டியில் தங்கும் சேறு மூன்று நான்கு டன். மற்றதெல்லாம் தண்ணீர். அப்படியானால் இந்த ஆலை சர்க்கரை ஆலையா, சக்கை ஆலையா என்றே ஒருவர் கேட்கலாம். கழிவுப்பாகு சாராய வாலைக்குப் போகிறது. நெல்லிக்குப்பத்திலும் வடிசாலை உண்டு. ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரில் உள்ள மூன்றெழுத்துகள் கிழக்கிந்திய வடிசாலைகளைக் குறிப்பனவே. வடிகட்டிச் சேறு வயலுக்கு எரு. வடிசாலைக் கழிவுநீர்தான் வம்புக்காரன்: ஒரு லிட்டர் சாராயத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் வரும், ஆற்றில் விட்டால் மீன் சாகும். அதையும் மூடிய தொட்டியில் நொதிக்க வைத்து, எழும் வாயுவைக் கொதிகலத்துக்கு எரிபொருளாக்கும் முறை பின்னாளில் பரவிற்று.

இனி சொல்லப் போவது மாணவர்களுக்கு விந்தையாக இருக்கும். நெடுங்காலம் உலகத்துச் சர்க்கரை ஆலைகள் பல, வேண்டுமென்றே கொதிகலத்தைத் திறமையில்லாமல் நடத்தின! ஏன்? சக்கையைச் சிக்கனமாக எரித்தால் சக்கை மிஞ்சும். மிஞ்சிய சக்கை மலைபோல் குவியும், மழையில் அழுகும், வெயிலில் தீப்பற்றும். வாங்குவார் இல்லை. ஆகவே ஆலை ஓடும் பருவம் முடியும்போது சக்கையும் சரியாகத் தீர்ந்திருக்கும்படி எரிப்பதே சாமர்த்தியம் என்று கருதினர். மிச்சப்பட்டதை ஏற்பார் இல்லாத இடத்தில் மிச்சப்படுத்தும் ஊக்கமும் பிறப்பதில்லை. கரூருக்கு அருகே புகளூரில் 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியபோது இந்த நிலை மாறிற்று. சர்க்கரை ஆலைகளிடமிருந்து சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக எரிப்பதற்கு நிலக்கரி கொடுக்கும் ஏற்பாடும் அங்கே நடந்தது. பிறகு, உயர்ந்த அழுத்தத்தில் நீராவி உண்டாக்கி, முதலில் மின்சாரம், பிறகு அதே ஆவியால் சாறு காய்ச்சுதல் என்ற இணை மின்னாக்கம் வந்தது. ஆலைகள் தம் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை ஊருக்கு விற்கலாயின. நெல்லிக்குப்பத்திலும் அவ்வாறே நடக்கிறது. விலை வந்தவுடன், குழாயில் ஒழுகும் ஆவி, மூடாத குழாயின் சூடு, வடிகாலில் போகும் வெந்நீர் என்று யாரும் திரும்பிப் பாராதவையெல்லாம் கணக்கேட்டில் ஏறின.

சிதம்பரம் பக்கத்து நெல் ஆலைகளிலும் இந்த அறிவைக் காணலாம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல்லை அவிக்கும் ஆவிக்கு அந்த உமியே எரிபொருள். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரும்புக்குச் சக்கை போல் நெல்லுக்கு உமி.

மூன்றாவது உலைக்களம் நெய்வேலி. போகிற வழியில் வடலூர் இருக்கிறது. இராமலிங்க அடிகள் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறாக்குகிறது. பரங்கிப்பேட்டையின் உலைகள் தம் இறுதி நாளை எட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் மூட்டிய அடுப்பு இது என்பதை ஒரு சரித்திர மாணவன் என்ற முறையில் நான் குறித்துக்கொள்வது வழக்கம். அடுத்து வரும் ஊரில் பூமிக்கடியிலேயே எரிபொருள் கிடந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற பெருநிலக்காரர் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1956-இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதத்தில் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு முதல் மின்யந்திரம் சுழன்றது.

இந்தக் கரியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர். கரும்புச் சக்கையிலும் பாதி தண்ணீர். ஒரு கிலோ நெய்வேலிக் கரி கொடுக்கும் வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி. ஒரு கிலோ சக்கை சுமார் 2,200. பல கோடி ஆண்டு மண்ணில் புதைந்த மரத்துக்கும், நேற்று வெட்டிய கரும்புக்கும் வேற்றுமை இவ்வளவுதான்! அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 300 கிலோ கலோரி போய்விடுகிறது. நெய்வேலிக் கரியில் ஒன்பதில் ஒரு பங்கு வெப்பம், அதன் ஈரத்தைப் போக்குவதற்கே செலவு. அந்த ஈரத்தைப் போக்கி, கரியைப் பொடித்து, கட்டியாக்கிச் சுட்டு, லெக்கோ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்கு விற்கும் ஆலை ஒன்று 1960-களின் நடுவில் அங்கே தோன்றிற்று. விறகுக்கும் மரக்கரிக்கும் பதிலாக அது எரியும். காடு பிழைக்கும் என்பது நோக்கம். பரங்கிப்பேட்டைக் கரிமேட்டுக்கு நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த விடை என்று அதைச் சொல்லலாம். சமையல் வாயு பரவிய பின் அதற்குத் தேவை குறைந்து, ஆலை மூடப்பட்டது.

நெய்வேலியில் கரிக்குக் கீழே தண்ணீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. மேல்மண்ணை நீக்கிவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். ஆகவே சுரங்கம் உள்ளவரை, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரம் எடுப்பதற்குக் கரி, கரி எடுப்பதற்குத் தண்ணீர் இறைப்பு, இறைப்பதற்கு மின்சாரம்! இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும், ஒரு பகுதி வயல்களுக்கும் போகிறது. இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் சென்னை மாநகரத்துக்கும் குடிநீராகச் சென்றிருக்கிறது. சாம்பல் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. ஆனால் இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் கீழே இறங்கிற்று என்பது உழவர்களின் நீண்டநாள் முறையீடு. தொழிற்சாலையின் கணக்கேட்டில் மிச்சம் என்று எழுதப்படுவது, வேலிக்கு வெளியே ஒருவருடைய கணக்கேட்டில் செலவாக எழுதப்படலாம். கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் 1980-களில் எழுந்த இரசாயனத் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கிறவர்களும் இதைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி வேண்டும். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அகற்றவேண்டும். 75 வாட் மின்விசிறி ஒன்று, ஆளில்லாத அலுவலக அறையில் எட்டு மணி நேரம் சுழன்றால் செலவு 0.6 யூனிட். அதற்கு அறுநூறு கிராம் கரி. ஏறக்குறைய மூன்று லிட்டர் மண். அதனோடு இறைத்த தண்ணீர் வேறு. உங்கள் கல்லூரி விடுதியில் எத்தனை விசிறிகள் என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோதுதான் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் இத்தகைய கணக்கை அக்கறையோடு போடத் தொடங்கின. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. எரிபொருளை மிகுதியாகச் செலவிடும் ஆலைகள், பணத்துக்குத் தணிக்கை செய்வதைப் போல வெப்பத்துக்கும் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. ஹீத்தின் காலத்தில் அப்படி ஒரு தணிக்கையாளர் பரங்கிப்பேட்டைக்கு வந்திருந்தால், முதல் ஆண்டிலேயே எச்சரித்திருப்பார்.

நெய்வேலியின் முதல் மின்நிலையம் 600 மெகாவாட் திறன் கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. தென்னாட்டின் தறிகளையும் பம்புசெட்டுகளையும் ஓட்டிற்று. பழைய யந்திரங்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் செலவான கரி, பக்கத்தில் புதிதாக எழுந்த 1,000 மெகாவாட் நிலையத்துக்குத் தேவையானதைவிட அதிகம். 2020 செப்டம்பர் 30-ஆம் நாளோடு பழைய நிலையம் நிறுத்தப்பட்டது. புதியது குறைவாகக் கரி தின்கிறது, ஆனால் பெரியது. ஜெவன்ஸ் இங்கே இருந்திருந்தால் புன்னகை செய்திருப்பார். சுரங்கம் விரிந்துகொண்டே வருகிறது. 2023 ஜூலையில், பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய்க்காக வளையமாதேவியில் மண் அகற்றும் யந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். கொடுத்தது போதவில்லை என்றார்கள் உழவர்கள். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. யந்திரங்கள் இறங்கிய வயலில் நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது.